கருவிப் பிழையை மாணவர் தலையில் கட்டாதீர்கள்

ஸ்பெக்ட்ரோமீட்டரில் எதற்காக இரண்டு வெர்னியர்கள் இருக்கின்றன? இளநிலை இயற்பியல் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ரெக்கார்டு நோட்டுல ரெண்டு கட்டம் போட்டிருக்கு சார், அதான்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். நான் கேட்ட வகுப்பில் சரியான பதிலைச் சொன்னவன் ஒரே ஒருவன்.

"வட்டத்தோட மையமும் அது சுத்துற அச்சும் கரெக்டா ஒரே இடத்துல இருக்காதுண்ணே. இந்தப் பக்கம் கூடக் காட்டுனா எதுத்த பக்கம் கொறையக் காட்டும். ரெண்டையும் சேத்துப் பாத்தா அந்தப் பிழை அடிபட்டுப் போயிரும்."

அந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வில் தோற்றுப்போனவர்களில் அவனும் ஒருவன்.

நான் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் சில பருவங்கள் செய்முறை வகுப்புகளுக்கு உதவியாக நின்றேன். அந்தத் தம்பி பாபநாசம் பக்கமிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருவான். அப்பா வாழைத் தோட்டங்களில் தார் வெட்டிச் சுமக்கும் கூலி. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவன்தான். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம்.

தொலைநோக்கியில் கண்ணை வைத்து, "182 டிகிரி 30 நிமிசம்" என்று வாயால் சரியாகச் சொல்வான். நோட்டில் 128 என்று எழுதியிருப்பான். இரண்டு வெர்னியர்களுக்கும் இடையே 180 டிகிரி வித்தியாசம் வரவில்லையே என்பதையும் அவனே கண்டுபிடிப்பான். எங்கே பிசகியது என்று தேடித் திருத்துவதற்குள் மணி அடித்துவிடும். ரெக்கார்டு நோட்டு எப்போதும் மூன்று சோதனை பின்தங்கிக் கிடக்கும். வைவாவில் கேள்விகளை அடுக்கினால் வாயடைத்து நிற்பான்.

"கவனமா எழுதுல. சும்மா வந்துட்டுப் போறதுக்கா அப்பா பஸ்ஸுக்குக் காசு குடுக்காரு?" என்று அவனை ஏசியவன் நான்தான்.

"கவனமாத்தாண்ணே எழுதுதேன். கண்ணுல ஒண்ணு இருக்கு, கையில வேற வருது."

அந்தப் பதில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கே 29 வயதில்தான் ஏடிஹெச்டி என்று உறுதியானது. அதுவரை நான் 'மறதிக்காரன்', 'எதையும் முடிக்காதவன்', 'கோட்டாவில் வந்தவன் இப்படித்தான்'. ஆய்வு உதவித்தொகை வந்த பிறகு, அந்தப் பணத்தில் ஒரு தனியார் மனநல மருத்துவரைப் பார்க்க முடிந்தது. பட்டியல் சமூகத்தில் பிறந்து, இதே ஆற்றங்கரைப் பள்ளிகளில் அடி வாங்கிப் படித்த நானே, எனக்கு ஒரு பெயர் கிடைத்ததும் இன்னொருவனைப் பார்த்து 'கவனமா எழுது' என்கிறேன். இந்தக் கட்டுரை அந்தக் கூச்சத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே நடத்தை, இரண்டு பெயர்கள்

ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா ஆகியவற்றையெல்லாம் நோய்களாகப் பட்டியலிடுவதற்குப் பதிலாக, மனித மூளைகள் இயங்கும் பல விதங்களாகப் பார்க்கச் சொல்வதுதான் நரம்பியல் பன்மை என்ற கருத்து. 1990களில் ஆட்டிசம் உள்ள மனிதர்கள் தங்களுக்குள் நடத்திய உரையாடல்களிலிருந்து வளர்ந்து வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்ட அரசியல் அது. 'தலித்' என்ற சொல்லின் வரலாறு தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

ஆனால் நம் ஊரில் இந்தப் பெயர் யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளை எழுத்தை மாற்றிப் போட்டால், அம்மா அவனை உளவியலாளரிடம் அழைத்துப்போகிறார். டிஸ்லெக்சியா என்று எழுதித் தருகிறார்கள். வாழைத் தோட்டத்துக் கூலியின் பிள்ளை அதையே செய்தால் அவனுக்கு மூன்று பெயர்கள் தயாராக இருக்கின்றன. தமிழ் மீடியம், அதனால் இங்கிலீஷ் வராது. முதல் தலைமுறை, வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. கோட்டா, மார்க் இல்லாமல் சீட் வாங்கியவன். மூன்று காரணங்கள் கையில் இருக்கும்போது நான்காவது காரணத்தை யார் தேடப் போகிறார்கள்?

சாதி இங்கே ஒரு நோயறிதல் போல வேலை செய்கிறது. பட்டியல் சமூகத்துப் பிள்ளையின் தடுமாற்றத்துக்கு அவன் பிறப்பே விளக்கமாகிவிடுகிறது. அந்த விளக்கத்துக்கு அடியில் அவனுடைய உண்மையான சிக்கல் புதைந்துபோகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஐன்ஸ்டீனுக்கு ஆட்டிசம் இருந்தது, நியூட்டனுக்கும் இருந்தது என்று சமூக ஊடகங்களில் படங்கள் சுற்றுகின்றன. ஆட்டிசம் என்ற பெயரில் குழந்தைகளின் நிலையை லியோ கானர் விவரித்து எழுதியது 1943இல். நியூட்டன் இறந்தது 1727இல். இறந்தவர்களுக்கு யாரும் பரிசோதனை செய்ய முடியாது. அதைவிட முக்கியம், இந்தப் பேச்சின் உட்பொருள். 'உன் மூளை வேறு மாதிரி என்றால் பரவாயில்லை, ஆனால் நீ மேதையாக இருக்க வேண்டும்' என்கிறது அது. அம்பேத்கரைப் போல் படித்தால் மதிக்கிறோம் என்று சொல்லி, சேரியில் சாதாரணமாகப் படிக்கும் பிள்ளையை மிதிப்பதும் இதே தர்க்கம்தான். 55 மதிப்பெண் எடுத்து இயற்பியல் பட்டம் வாங்கி, பள்ளி ஆசிரியராகப் போக நினைக்கும் ஒரு பிள்ளைக்கும் உதவி உரிமைதான்.

உண்மையான உதாரணம் வேண்டுமென்றால் ஷாக் துபோஷே இருக்கிறார். இயற்பியல் பொறியியல் படித்துவிட்டு உயிரியல் ஆய்வுக்குப் போன சுவிட்சர்லாந்துக்காரர். 2017இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தன்னுடைய வாழ்க்கைக்குறிப்பில், தான் பிறந்த மாநிலத்தின் முதல் 'அதிகாரபூர்வ' டிஸ்லெக்சியா மாணவர் என்று 1955ஆம் ஆண்டுக்கு நேரே எழுதி வைத்திருக்கிறார். நோபலைவிட அந்த 'அதிகாரபூர்வ' என்ற சொல்தான் என்னை நிறுத்துகிறது. 1955இல் ஒரு பள்ளிப் பையனுக்கு அங்கே கிடைத்த அங்கீகாரம், இன்று தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரி மாணவனுக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைகளை மட்டும் ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அதில் வந்தன.

17ஆம் பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தக்க மாற்றங்கள் செய்யச் சொல்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் வசதி ஆகியவற்றை அதுவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 32ஆம் பிரிவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடங்கள் ஒதுக்கச் சொல்கிறது. 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும். உங்கள் கல்லூரியின் சமவாய்ப்புக் கொள்கையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இந்த 40 விழுக்காடு ஒரு பெரிய கதவடைப்பாக இருந்தது. விகாஷ் குமார் என்பவருக்குக் கை எழுத்துக்கு ஒத்துழைக்காது. ஒன்றியக் குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் கேட்டார். 40 விழுக்காடு இல்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தவறு என்றது. நியாயமான வசதி செய்து தருவது எல்லா மாற்றுத்திறனாளிகளுக்குமான உரிமை, 40 விழுக்காட்டுக்காரர்களுக்கு மட்டுமானது அல்ல என்றது. அதன் விளைவாக, 40 விழுக்காட்டுக்குக் குறைவான, எழுதச் சிரமப்படுவோருக்கும் எழுதுபவர் வசதிக்கான வழிகாட்டுதல்கள் 2022 ஆகஸ்டில் வந்தன. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் என்ற அளவு 2018 வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது.

2021 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. டிஸ்கிராஃபியா உள்ள அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு நீட் தேர்வில் கிடைக்க வேண்டிய ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம் மறுக்கப்பட்டது. விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். போட்டித் தேர்வென்றால் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி நடக்கத்தான் செய்யும் என்று தள்ளிவிட முடியாது என்ற பொருள்பட நீதிமன்றம் கண்டித்தது.

விகாஷ் குமார் வழக்கில் ஒரு வாதத்தைக் கவனிக்க வேண்டும். வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்டால் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் அது. நமக்கு நன்றாகப் பழகிய குரல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லித்தான் 2018 மார்ச்சில் அதன் பல்லைப் பிடுங்கப் பார்த்தார்கள். நாடே எழுந்த பிறகு நாடாளுமன்றம் அதே ஆண்டு அதைச் சரிசெய்தது. உரிமை கேட்கிறவனை முதலில் ஏமாற்றுக்காரனாகப் பார்ப்பது இந்தச் சமூகத்தின் பழக்கம். விகாஷ் குமார் தீர்ப்பு அந்தச் சந்தேகத்தை ஏற்கவில்லை.

சான்றிதழ் என்னும் மதில்

தீர்ப்புகள் இருக்கட்டும். அந்தத் தம்பிக்குச் சான்றிதழ் வாங்கலாம் என்று நாங்கள் புறப்பட்டோம். அவன் அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு உடன் வந்தார். ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள்: "இதெல்லாம் ஸ்கூல்லயே பாத்திருக்கணும். இப்பம் இருபது வயசாயிட்டுல்லா?"

சொன்னவர் மேல் மட்டும் குற்றமில்லை. அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. 2018 ஜனவரி அறிவிக்கை, கற்றல் குறைபாட்டுப் பரிசோதனையை 8, 14, 18 வயதுகளில் செய்யச் சொன்னது. நிம்ஹான்ஸின் பரிசோதனைத் தொகுப்பு பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. குழந்தைகளுக்கான அரசின் தேசிய நலப் பரிசோதனைத் திட்டம் 18 வயதோடு முடிகிறது. ஆக, பள்ளியில் தவறவிட்ட பிள்ளைக்குக் கல்லூரியில் கதவு எளிதில் திறப்பதில்லை. பள்ளியில் தவறவிடப்படுகிற பிள்ளை யாருடைய பிள்ளை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இருக்கும் ஏடிஹெச்டியோ 21 வகைகளின் பட்டியலில் பெயரளவுக்குக்கூட இல்லை.

பேருந்துக்குக் காத்து நிற்கையில் அந்த அப்பா கேட்டார்: "தம்பி, இந்தச் சர்ட்டிபிகேட் வாங்குனா எம்புள்ளைக்கு வேலை கீலை கெடைக்காமப் போயிருமா? ஏற்கெனவே ஒரு சர்ட்டிபிகேட்ட வச்சுத்தான் எல்லாரும் ஒரு மாதிரி பாக்காங்க."

சாதிச் சான்றிதழைச் சொல்கிறார். உரிமைக்காக வாங்கும் காகிதமே அவமானத்தின் அடையாளமாக மாற்றப்படுவதை அனுபவித்த மனிதரின் கேள்வி அது. வகுப்பில் எழுந்து நின்று "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் யாரெல்லாம்?" என்று கேட்கும் குரலை அறிந்தவர்களுக்கு அவருடைய பயம் புரியும். நான் அவருக்குச் சட்டம் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

கண்ணைப் பார்த்தால் திமிர், பார்க்காவிட்டால் கள்ளம்

ஆட்டிசம் உள்ள பலருக்கு எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசுவது கடினம். வேறு சிலர் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். வெளிப்படையாகச் சொல்லப்படாத விதிகளைப் படிப்பதும் பலருக்குச் சிரமம். எந்த ஊரிலும் இது சங்கடம்தான். நம் மாவட்டத்தில் இது ஆபத்து.

இங்கே வகுப்பறை முழுக்கச் சொல்லப்படாத விதிகள். எந்த நிறக் கயிறு யாருடையது, பஸ்ஸில் எந்த சீட்டில் யார் உட்காருவது, எந்தப் பாட்டுக்கு யார் விசிலடிப்பது என்று எல்லாமே சாதிக் குறியீடுகள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன்படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கைக்கயிறுகளுக்குத் தடை கேட்டது. இப்படிப்பட்ட ஊரில், விதி புரியாமல் தவறான சீட்டில் உட்கார்ந்துவிடும் ஒரு தலித் மாணவனை நினைத்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் 'திமிர் பிடிச்சவன்'. பார்க்காமல் இருந்தால் 'ஏதோ கள்ளம் பண்றான்'. தலித் உடல்மொழியை ஏற்கெனவே சந்தேகத்தோடு படிக்கப் பழகிய கண்கள், ஆட்டிசத்தை ஆட்டிசமாகப் படிக்காது.

ஆய்வகத்திலும் இது வரும். "ரெண்டு ரெண்டு பேரா நீங்களே சேந்துக்கங்க" என்று ஆசிரியர் சொல்லும்போது அது சுதந்திரம் போலத் தெரியும். ஒரு நிமிடத்தில் வகுப்பு ஊர் வாரியாக, தெரு வாரியாகப் பிரிந்து நிற்கும். யாரோடும் சேராமல் கடைசியில் நிற்கிறவனுக்கு ஓட்டை கால்வனாமீட்டர் கிடைக்கும். ஜோடிகளை ஆசிரியர் முடிவுசெய்து, பருவம் முழுக்க மாற்றாமல் வைத்திருப்பது ஆட்டிசம் உள்ள மாணவருக்கும் நல்லது, சாதியை உடைக்கவும் நல்லது.

தனிப்பந்தியும் தனி அறையும்

தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தேர்வுக்குத் தனி அறை, தனி நேரம் கேட்கிறீர்களே. நாம் தனிப்பந்தியை எதிர்த்தவர்கள் இல்லையா?"

நியாயமான கேள்வி. அதற்கான விடையும் இதே ஆற்றங்கரையில் இருக்கிறது. சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், காங்கிரசின் நிதியிலும் பொதுமக்கள் நன்கொடையிலும் நடந்த இடத்தில், பார்ப்பன மாணவர்களுக்குத் தனியாகச் சோறு போட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1925இன் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்குப் பின்னணியில் இந்தக் கசப்பும் இருந்தது.

அந்தத் தனிப்பந்தி யாருக்காக? மற்றவரோடு உட்கார்ந்தால் தீட்டு என்று நினைத்தவர்களுக்காக. அது படிநிலையைக் காப்பாற்றியது. சத்தத்தில் யோசிக்க முடியாத மாணவருக்குத் தரும் அமைதியான அறை, எல்லோரும் எழுதும் அதே கேள்வித்தாளை அவரும் எழுதுவதற்காக. ஒன்று விலக்கி வைக்கப் பிரித்தது. இன்னொன்று சேர்த்துக்கொள்ளப் பிரிக்கிறது.

ஆனாலும் அந்தத் தோழரின் எச்சரிக்கையை நான் தூக்கியெறிய மாட்டேன். 'ஸ்பெஷல் கேஸ்களுக்கு' ஒரு மூலையறை ஒதுக்கி, பூட்டிய ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்காணிப்பாளர் அரை மணி தாமதமாக வரும் நிலை வந்தால் அது மறுபடியும் தனிப்பந்திதான். எனவே, தனி அறை வேண்டுமா என்பதை மாணவர் முடிவுசெய்ய வேண்டும், நிறுவனம் அல்ல. அதை யாருக்குச் சொல்லலாம் என்பதும் மாணவர் முடிவே.

இந்த ஊருக்கு இது தெரியாத வேலையும் அல்ல. பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியும் தடையை அன்று புரிந்துகொண்ட ஊர், கண்ணுக்குத் தெரியாத தடையை இன்று புரிந்துகொள்ளக் கூடாதா?

இயற்பியல் துறையில் என்ன செய்யலாம்?

பள்ளியிலேயே நமக்குச் சுழிப்பிழை சொல்லித் தருகிறார்கள். வெர்னியர் காலிப்பரின் தாடைகளை மூடினால் அளவு சுழியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், எவ்வளவு விலகல் என்று குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவீட்டிலும் திருத்தம் செய்கிறோம். அந்தத் திருத்தத்தை யாரும் அளக்கப்படும் குண்டுக்குக் கொடுத்த சலுகை என்று சொல்வதில்லை.

மூன்று மணி நேர எழுத்துத் தேர்வும் ஒரு கருவிதான். அது இயற்பியலை மட்டும் அளப்பதில்லை. கையெழுத்தின் வேகம், மனப்பாடம், ஆங்கிலம், அசையாமல் உட்காரும் பழக்கம் எல்லாவற்றையும் கலந்து அளந்து, அந்தக் கலவைக்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கிறது. இட ஒதுக்கீட்டுக்கு எதிராகத் தூக்கிப் பிடிக்கப்படும் அதே தகுதிதான் இங்கேயும். இட ஒதுக்கீடும் கூடுதல் நேரமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நூற்றாண்டுகளாகப் பறிக்கப்பட்ட பங்கைத் திருப்பிக் கேட்பது முதலாவது. தேர்வறையின் தடையை நீக்கக் கேட்பது இரண்டாவது. ஆனால் இரண்டையும் எதிர்ப்பவர்கள், தங்கள் கருவியில் பிழையே இல்லை என்ற ஒரே பொய்யின் மேல் நிற்கிறார்கள்.

பெரிய நிதியில்லாமல் ஒரு துறை நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழும் தேவையில்லை.

செய்முறைக் குறிப்பை முந்தைய நாளே கொடுங்கள். பத்தியாக இல்லாமல், ஒரு வரிக்கு ஒரு படி என்று எண்ணிட்டு, கருவியின் படத்தோடு கொடுங்கள். பிரிசத்தை வைப்பதற்கு முன் தொலைநோக்கியைத் தூரப் பொருளுக்குச் சரிசெய்ய வேண்டும் என்பதை ஒருமுறை வாயால் சொல்லிவிட்டுப் போனால், கவனம் ஒரு கணம் நழுவியவன் அந்த நாள் முழுக்கத் தொலைந்துபோவான்.

அளவீடுகளை எழுத அச்சடித்த அட்டவணை கொடுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதி, திரும்பப் படித்துக் காட்டட்டும். ரெக்கார்டு நோட்டைக் கணினியில் தட்டச்சு செய்து தரவும் அனுமதியுங்கள். சீனியர் நோட்டைப் பார்த்து அழகாகக் காப்பியடித்தவனுக்கு முழு மதிப்பெண், தானே யோசித்துக் கிறுக்கியவனுக்குக் கையொப்பம் இல்லை என்பது இயற்பியலுக்கே அவமானம்.

தேர்வில் சூத்திரத் தாள் ஒன்று கொடுங்கள். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நினைவிலிருந்து எழுதுவது இயற்பியல் அல்ல. அதை ஒரு பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்குப் பயன்படுத்தி, ஆற்றல் ஏன் படிப்படியாக வருகிறது என்று விளக்குவதுதான் இயற்பியல். நீண்ட வருவிப்புகளைத் துண்டு துண்டான கேள்விகளாகக் கேளுங்கள். ஓரிடத்தில் எண் தவறினாலும் அடுத்த படியில் அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது தெரியும்.

வைவா கேள்விகளை எழுத்திலும் நீட்டுங்கள். யோசிக்க இரண்டு நிமிடம் கொடுங்கள். பேச முடியாதவர் கருவியில் செய்து காட்டட்டும்.

இவை எல்லோருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டால், யாரும் எழுந்து நின்று 'எனக்கு இது இருக்கிறது' என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவருக்கும் உதவும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கும் உதவும். அதற்கு மேல் கூடுதல் நேரமோ எழுதுபவரோ தேவைப்படுவோருக்குச் சட்டம் இருக்கிறது. அதைப் பெற்றுத்தருவது கல்லூரியின் வேலை, கூலியை விட்டுவிட்டு அலையும் அப்பாவின் வேலை அல்ல. பரிசோதனைக் குழுவைப் பருவத்துக்கு ஒருமுறை கல்லூரிக்கே வரவழைக்கக் கேட்கலாம்.

இதை வாசிக்கும் நீங்கள் மாணவர் என்றால், உங்கள் கல்லூரி முதல்வரிடம் சமவாய்ப்புக் கொள்கையின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று அடுத்த கடிதம் எழுதுங்கள். அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் நடத்துகிறவர்கள், உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேருங்கள். நம் கூட்டங்களிலேயே ஓரமாக உட்கார்ந்து, பேசாமல், காலை ஆட்டிக்கொண்டிருக்கும் தோழரை 'ஆர்வமில்லாதவர்' என்று ஒதுக்கியிருக்கிறோமா என்றும் யோசியுங்கள். நான் ஒதுக்கியிருக்கிறேன்.

அந்தத் தம்பி இப்போது மூன்று அரியர்களோடு வீட்டில் இருக்கிறான். சான்றிதழ் இன்னும் வரவில்லை. பகலில் அப்பாவோடு தோட்டத்துக்குப் போகிறான். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறான். போன மாதம் போனபோது, இரண்டு அட்டைத்துண்டில் கோடு போட்டு, ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி, வெர்னியர் எப்படி வேலை செய்கிறது என்று எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் எண்ணை மாற்றி எழுதினாள். அவன் ஏசவில்லை. "சத்தமா வாசி மக்கா, நா எழுதுதேன்" என்றான்.

வரும் நவம்பரில் மறுபடியும் தேர்வெழுதப் போகிறான். அதே மூன்று மணி நேரம், அதே கருவி. இந்த முறையும் ஒரே ஒரு அளவீட்டை எடுத்துக்கொண்டு, பிழை அவனுடையது என்று எழுதப் போகிறோமா?